ஆற்றைக் கடக்கும் பாலமும் ஊரை அடையும் பாதையும்

ஆறு ஊரை வாழ்விக்கிறது. அதே ஆறு ஊரை ஊரினின்று பிரிக்கவும் செய்கிறது. அக்கரையில் நெல்லுக்கு நல்ல விலை இருக்கலாம், மருத்துவமனை இருக்கலாம், பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியும் இருக்கலாம். கண்ணுக்கு எட்டிய அவ்விடம் காலுக்கு எட்டவில்லையெனில் பயன் என்ன? இக்குறையைத் தீர்ப்பதே பாலம். ஆயினும், பாலம் கட்டி முடிந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. பாலத்தின் ஆயுள் அதனைக் கட்டிய பொறியியலாரிடம் மட்டுமன்றி, அதன் அருகே வாழும் மக்களிடமும் இருக்கிறது. இவ்வுண்மையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் நன்கு உணரும் பொருட்டு, கொள்ளிடத்துப் பாலங்களை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

கொள்ளிடமும் இரு சாலைகளும்

காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப்படுகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். அதன் படுகை தாழ்வானது. ஆதலின் நீர் இயல்பாகவே அதன் பக்கம் சாய்ந்து, காவிரிப் பாசனம் குன்றி வந்தது. அதனைத் தடுக்கவே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டுவித்தார். அன்று முதல் பாசனத்திற்குக் காவிரி, வெள்ள வடிகாலுக்குக் கொள்ளிடம் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது. எனவே ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்காடாகக் கிடக்கும் இவ்வாறு, மேட்டூர் அணை நிரம்பி வழியுங் காலத்தில் கரைபுரண்டு ஓடும்.

இவ்வாற்றின் வடக்கே திருச்சியிலிருந்து அரியலூர் மாவட்டம் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலை இருக்கிறது. தெற்கே தஞ்சாவூர், கும்பகோணம் ஆகிய நகரங்களை இணைக்கும் சாலை இருக்கிறது. இவ்விரண்டையும் ஓர் ஏணியின் இரு சட்டங்களாகக் கொண்டால், கொள்ளிடத்தின் மேலுள்ள பாலங்களே அதன் படிகள். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைப்பது ஒரு படி. அரியலூர்–தஞ்சாவூர் சாலையில் திருமானூர் அருகே உள்ளது மற்றொரு படி. கும்பகோணத்தையும் ஜெயங்கொண்டத்தையும் இணைக்கும் நீலத்தநல்லூர்–மதனத்தூர்ப் பாலம், அணைக்கரை, சீர்காழி–சிதம்பரம் சாலையில் உள்ள கொள்ளிடம் பாலம் எனப் பிற படிகள் கீழே தொடர்கின்றன. படிகள் இல்லாத ஏணி எவ்வாறு பயன்படாதோ, அவ்வாறே பாலங்கள் இல்லாத இரு சாலைகளும் தனித்தனியே குறையுடையனவாகும்.

அணைக்கரையில் கீழணையின் மேலேயே சாலை அமைந்திருந்தது. அதுவும் காட்டன் காலத்தில், 1836இல் தோன்றிய அணை. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் வழங்குவது அதன் தொழில். அத்தொழிலுக்கென எழுந்த கட்டடத்தின்மீது பிற்காலத்துப் பேருந்துகளும் பாரவண்டிகளும் ஓடலாயின. பழைய கட்டடம் அப்பாரத்தைத் தாங்காது என்று கண்டு, கனரக வாகனங்களுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. வண்டிகள் சுற்றுவழியே சென்றன. இக்குறை நீங்க, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியான சேத்தியாத்தோப்பு–சோழபுரம் நான்குவழிச் சாலை 2025 ஜூலை மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. 50 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பகுதியில், கொள்ளிடத்தின் மேல் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்திற்கு நான்குவழிப் பாலமும் அடங்கியுள்ளது. அணை நீரைக் காக்கட்டும், பாலம் வண்டியைத் தாங்கட்டும் என்று இரு தொழில்களையும் பிரித்ததே இதன் சிறப்பாகும்.

பாலத்தின் உறுப்புகள்

பாலம் மூன்று பகுதிகளை உடையது. வண்டிகள் செல்லும் மேற்றளம் ஒன்று. அதனைத் தாங்கும் தூண்களும் இரு கரைகளிலும் உள்ள கரைத்தூண்களும் மற்றொன்று. மண்ணுக்குள் மறைந்திருக்கும் அடித்தளம் மூன்றாவது. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வழியைக் ‘கண்’ என்று கூறுவது நம் வழக்கம். மேற்றளத்திற்கும் தூணுக்கும் இடையே தாங்கிகள் வைக்கப்படுகின்றன. வெயிலில் தளம் நீளும், குளிரில் சுருங்கும். அவ்வசைவுக்கு இடங்கொடுக்கவே தாங்கிகளும், தளத்தின் குறுக்கே விடப்பட்ட இடைவெளிகளும் அமைகின்றன. அவ்விடைவெளிகளில் மண்ணும் கல்லும் அடைந்து கெட்டிப்பட்டால் தளம் விரிய வழியின்றி வெடிப்புகள் உண்டாகும்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதுவே பாலத்தை ஊருடன் சேர்க்கும் அணுகுசாலை. பெரும்பாலும் இது மண்ணால் உயர்த்தப்பட்ட கரையாகும். பாலம் கற்காரையாலும் இரும்பாலும் ஆனது. அணுகுசாலை மண்ணால் ஆனது. ஆகவே வெள்ளத்தில் முதலில் தோற்பது இதுவே.

உறைகிணறும் பாலக்கிணறும்

மணற்பாங்கான ஆற்றில் தூண் எவ்வாறு நிற்கிறது என்று பலர் வியப்பதுண்டு. இதற்கு விடை நம் விவசாயிகள் அறிந்ததே. உறைகிணறு இறக்குவதைப் பாருங்கள். உறையைத் தரையில் வைத்து, அதன் உள்ளே உள்ள மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்குகிறது. மேலே மற்றோர் உறையை வைத்துத் தொடர்ந்து இறக்குகிறோம். பாலத்தின் கிணற்று அடித்தளமும் இவ்வாறே இறக்கப்படுகிறது. சுடுமண் உறைக்குப் பதில் பெரிய கற்காரை வளையம்; மண்வெட்டிக்குப் பதில் இயந்திர வாளி; வேறுபாடு அவ்வளவே. தேவையான ஆழத்தை அடைந்ததும் அடியைக் கற்காரையால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி, அதன்மீது தூணை எழுப்புகின்றனர். இக்காலத்தில் துளையிட்டு இறக்கும் ஆழ்தூண்களும் மிகுதியாகப் பயன்படுகின்றன. எம்முறையாயினும் நோக்கம் ஒன்றே: வெள்ளம் எட்டாத ஆழத்தில் தூணுக்குப் பிடிமானம் வேண்டும்.

அடிமண் அரிப்பு

வாய்க்காலில் நீர் விரைந்தோடும்போது அதன் நடுவே நாம் அசையாது நின்றால், சற்று நேரத்தில் குதிகாலின் கீழுள்ள மணல் நழுவிப் பள்ளமாவதை உணரலாம். பாலத்தூணுக்கும் இதுவே நேர்கிறது. ஓடிவரும் நீர் தூணில் மோதி, கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. இதனையே அடிமண் அரிப்பு என்கிறோம்.

பொறியியலார் இதற்குக் கணக்கு வைத்திருக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மணலாற்றில் உச்ச வெள்ள மட்டத்திலிருந்து அளந்தால், சாதாரண அரிப்பின் ஆழம் 6 மீட்டர் எனக் கணக்கில் வருகிறது. தூணின் அருகே அது இரு மடங்காகும் என்று கொள்வர். அதாவது 12 மீட்டர். அடித்தளம் அதற்கும் கீழே, மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக, 16 மீட்டர் ஆழம் செல்ல வேண்டும் என்பது விதி. ஆக, மிகப் பெரிய வெள்ளத்திலும் 4 மீட்டர்ப் பிடிமானம் எஞ்சும். அந்த 4 மீட்டர்தான் பாலத்தின் உயிர்.

இனி, அவ்வாற்றின் படுகை ஏதோ ஒரு காரணத்தால் 3 மீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரிப்பும் ஏறத்தாழ அவ்வளவு கீழே இறங்கும். நான்கு மீட்டர்ப் பிடிமானம் ஒரு மீட்டராகக் குறைந்துபோகும். பாலம் அதே பாலந்தான், தூணில் வெடிப்பில்லை, தளத்தில் பழுதில்லை. ஆயினும் அது முன்போல் வலிவுடையது அன்று. இவ்வாபத்து மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

திருச்சி தந்த பாடம்

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1928இல் திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் ஓர் இரும்புப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. திருச்சி நகரையும் திருவரங்கத்தையும், வடக்கே சென்னை, நாமக்கல், லால்குடி ஆகிய திசைகளுக்குச் செல்லும் சாலைகளோடு அது இணைத்தது. ஏறத்தாழ எண்பத்தெட்டு ஆண்டுகள் பணி புரிந்த அப்பாலம், அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபின் 2016இல் வாகனப் போக்குவரத்தினின்று ஓய்வு பெற்றது.

2018ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிரம்பி, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சில அடிமண் இழந்து சரிந்தன. அவற்றின் மேலிருந்த இரும்புத் தளமும் வீழ்ந்தது. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பாலத்தின்மீது அப்போது வண்டிகள் ஓடாமையால் பெரும் விபத்து நேரவில்லை. பின்னர் அதனை இடித்து அகற்றும் வேலை மேற்கொள்ளப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. பழைய பாலத்திற்கு உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தது உயிர்களைக் காத்தது என்பது ஒன்று. ஆற்றின் விசை புதிய பாலத்தையும் விட்டுவைக்காது என்பது மற்றொன்று. 2024 ஆகஸ்டு மாத வெள்ளத்தில், புதிய பாலத்தின் அருகே அதன் பாதுகாப்பிற்கென அமைக்கப்பட்டிருந்த தடுப்புச் சுவரின் ஒரு பகுதி நீரில் அடித்துச் செல்லப்பட்டது. ஆகவே புதியது என்பதனாலேயே கவலை இல்லை என்று இருந்துவிடலாகாது.

பாலம் நிற்கப் பாதை போவது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருக்கெடுத்தது. தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் உயர்மட்டப் பாலத்தை அணையும் சாலை அரித்துச் செல்லப்பட்டது. பாலம் இருந்தும் அதன்மீது ஏற வழியில்லை. வெள்ளம் வடியும் வரை அவ்வட்டாரத்து மக்கள் பட்ட துன்பம் பெரிது.

அடுத்த ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சில திங்கள்களே ஆன பாலம் அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. கணக்கிட்ட அளவைவிட மிகுதியான நீர் வந்தால் பாலம் நில்லாது என்பதற்கு இது சான்றாகும். நூறாண்டில் ஒருமுறை வரும் வெள்ளம் என்று கூறுவதன் பொருளையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். அது நூறாண்டு கழித்தே மீண்டும் வரும் என்பது அன்று. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு உண்டு என்பதே ஆகும். அடுத்தடுத்த இரு ஆண்டுகளிலும் அது வரக்கூடும்.

இவற்றுக்கு எதிராக, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தை நினைத்துப் பார்க்கலாம். பொதுமக்கள் படகுக்குக் காத்திருந்து படும் துன்பத்தைக் கண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அப்பாலத்தைக் கட்டுவித்தார். 1843இல் திறக்கப்பட்ட அது பல வெள்ளங்களைக் கண்டும் இன்றுவரை பயன்பட்டு வருகிறது. நல்ல இடத்தேர்வும், உறுதியான அடித்தளமும், இடைவிடாத பராமரிப்பும் சேர்ந்தால் பாலம் தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

மணலும் பாலமும்

ஆற்றின் படுகை தாழ்வதற்கு மேலே உள்ள அணைகளில் மணல் தங்கிவிடுவது ஒரு காரணம். அளவு கடந்து மணல் அள்ளுவது மற்றொரு காரணம். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கண்முன் நிகழ்வது. ‘எங்கோ மணல் அள்ளினால் பாலத்திற்கு என்ன?’ என்று கேட்பவர் உண்டு. ஆற்றில் ஒரு பெரும் பள்ளம் தோண்டினால், நீரோட்டம் அப்பள்ளத்தை நிரப்ப மேற்புறத்து மணலை இழுத்துக்கொண்டு வரும். இவ்வாறு பள்ளத்தின் விளிம்பு நாளடைவில் ஆற்றின் மேற்புறமாக ஏறி, பாலத்தூணின் அடியை எட்டிவிடும்.

இக்காரணம் பற்றியே 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், பாலங்கள், குடிநீர்க் கிணறுகள், நீரேற்று நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டர்ச் சுற்றளவுக்குள் ஆற்றுமணல் எடுப்பதைத் தடை செய்கின்றன. இவ்விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. இரவில் மாட்டுவண்டியில் அள்ளினாலும் லாரியில் அள்ளினாலும் ஆற்றுக்கு வேற்றுமை இல்லை. இன்று நாலு காசு கிடைக்கிறது என்று மணலை விட்டுக்கொடுக்கும் ஊர், நாளை நெல்மூட்டையைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வழியின்றி நிற்கும். படுகை தாழ்ந்தால் அருகேயுள்ள கிணறுகளில் நீர்மட்டமும் தாழும். வாய்க்கால் தலைப்பு மேடாகி நீர் ஏறாது. ஆகவே பாலத்தைக் காப்பதும் பாசனத்தைக் காப்பதும் ஒன்றே எனலாம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

புதிய பாலத்திற்கு அணுகுசாலை போடும்போது அது வயல்களின் குறுக்கே ஒரு கரைபோல எழும்புகிறது. மழைநீர் வடியப் போதிய கண்கள் இல்லையெனில், மேற்புறத்து வயல்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். தேங்கிய நீர் இறுதியில் சாலையையே உடைத்துக்கொண்டு போகும். எனவே அளவை நடக்கும்போதே, எந்தெந்த வாய்க்கால், எந்தெந்த வடிகால் அவ்வழியே செல்கிறது, பெருமழையில் நீர் எம்மட்டம் வரை நின்றது என்பதை விவசாயிகள் எடுத்துக்கூற வேண்டும். ஊர்க் கோயிற் சுவரிலோ பழைய மரத்திலோ காணும் வெள்ளக் குறி, பொறியியலாருக்கு மிகுந்த பயன் தரும் செய்தியாகும்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். பாசன வழி அடைபடும், வயலுக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்படும் போன்ற குறைகளை அந்நாட்களுக்குள் தெரிவிப்பதே முறை. சாலை போட்டு முடிந்தபின் முறையிடுவதால் பயன் சிறிதே.

தரைப்பாலங்களைக் குறித்தும் ஒரு சொல். வெள்ளம் மேலே ஓடிக் கடக்கும்படி கட்டப்பட்டவை அவை. முழங்கால் அளவு நீர் விரைந்தோடினால் வலிய ஆளையும் வீழ்த்திவிடும். இரண்டு அடி நீர் பெரும்பாலான கார்களை மிதக்கவைக்கும். ‘நமக்குப் பழகிய பாதைதானே’ என்று இறங்குவதே பல உயிர்களைப் பறித்திருக்கிறது. நீரின் அடியில் பாதை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதை மேலே நின்று அறிய இயலாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பெரும் பாலங்களைப் பராமரிப்பது நெடுஞ்சாலைத் துறையின் கடமை. எனினும் அத்துறையின் அலுவலர் நாள்தோறும் ஒவ்வொரு பாலத்தடியிலும் நிற்க இயலாது. ஊர்மக்கள் அங்கேயே இருக்கின்றனர். ஆகவே கீழ்க்காணும் பணிகளைப் பஞ்சாயத்து எளிதில் மேற்கொள்ளலாம்.

1. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் வெள்ளம் வடிந்தபின் ஒன்றுமாக, உறுப்பினர்கள் பாலத்தின் அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு தூணில், மாறாத ஓரிடத்திலிருந்து மணல் மட்டம் வரை அளந்து குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

2. கரைத்தூணின் அருகே கற்பாவல் சரிந்துள்ளதா, அணுகுசாலையின் ஓரம் மழைநீரால் அறுபட்டுள்ளதா என்று காண வேண்டும். ஒரு கூடை மண்ணால் அடைக்கக்கூடிய சிறு ஓட்டை, ஒரு மழைக்குப்பின் ஒரு லாரி மண்ணுக்கும் அடங்காது.

3. கண்களில் அடைந்துள்ள ஆகாயத்தாமரை, முள்மரம், குப்பை ஆகியவற்றை மழைக்காலத்திற்கு முன் அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். அடைபட்ட கண், இல்லாத கண்ணுக்கு ஒப்பாகும்.

4. தூண் சாய்வு, தளத்தில் புதிய வெடிப்பு, கைப்பிடிச் சுவரின் நேர்கோடு வளைதல் ஆகியவற்றில் எதனைக் கண்டாலும், உடனே வண்டிகளை நிறுத்தி, நெடுஞ்சாலைத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவிக்க வேண்டும்.

5. தரைப்பாலத்தின் இருபுறமும் வெள்ள அளவுப் பலகையும், விளிம்பைக் காட்டும் வெள்ளைக் கம்பங்களும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. பாலத்தருகே மணல் அள்ளுவோரைக் கண்டால் வருவாய்த் துறைக்கும் காவல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

இவற்றைத் தனி ஒருவர் செய்வதினும் ஊர் கூடிச் செய்வது சிறப்பு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும் ஏற்பாடு உள்ளது. அவற்றுள் மே மாதக் கூட்டத்தில் பாலத்தின் நிலையைப் பற்றிய குறிப்பேட்டைப் படித்து, தேவையானால் தீர்மானம் நிறைவேற்றலாம். கிராமப் பாலங்களுக்கு நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு வளர்ச்சி நிதியிலிருந்தும், சிற்றூர்ச் சாலைகளுக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராமச் சாலைத் திட்டத்திலும் உதவி கிடைத்து வந்துள்ளது. அளவும் குறிப்பும் உள்ள விண்ணப்பம், வெறும் முறையீட்டைவிட விரைவில் கவனம் பெறும்.

முடிவுரை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பாலத்திற்கும் அது பொருந்தும். மேலே நின்று பார்ப்பவருக்குப் பாலம் ஒரு சாலை. கீழே இறங்கிப் பார்ப்பவருக்கே அது மணலில் ஊன்றி நிற்கும் ஒரு கட்டடம் என்பது விளங்கும். ஆதலால், அடுத்த கோடையில் ஆறு வற்றியிருக்கும்போது, பஞ்சாயத்து உறுப்பினர் அனைவரும் ஓர் அளவுநாடாவுடனும் ஒரு குறிப்பேட்டுடனும் தத்தம் ஊர்ப் பாலத்தின் அடியில் ஒரு மணி நேரம் செலவிடுவார்களாக. அவ்வொரு மணி நேரம், பேறுகாலத்துத் தாய் ஒருத்தி நள்ளிரவில் அக்கரை மருத்துவமனையை அடைவதற்கும், அறுத்த நெல் நனையாமல் களத்திலிருந்து சந்தையைச் சேர்வதற்கும் வழியைத் திறந்து வைத்திருக்கும்.